பொய்யுரையும் அரசாணையும் : சிலப்பதிகாரம் காட்டும் மூன்று வழக்குகள்

1. ஆய்வுப் பொருள்

சிலப்பதிகாரத்தில் அறம் வென்றது என்பது பலரும் ஒப்பிய முடிவு. ஆராயாது ஆணையிட்ட மன்னன் தன் பிழையை உணர்ந்து அரியணையிலேயே உயிர் நீத்தான். அரசியலில் தவறியவர்க்கு அறமே கூற்றாகும் என்னும் உண்மை நிலைநாட்டப்பட்டது என்று வழக்குரை காதையைப் போற்றாத திறனாய்வாளர் இலர். அப்போற்றுதல் தகுதியுடையதே. ஆயினும், அக்காதையைப் பயிலுந்தோறும் எழவேண்டிய வினா ஒன்று இதுவரை போதிய அளவில் எழுப்பப்படவில்லை என்பது நம் கருத்து. பொய் கூறி அவ்வாணையைப் பெற்றவன் என்ன ஆனான்? ஆணையிட்டவனுக்கு நேர்ந்ததைக் காப்பியம் விரித்துரைக்கின்றது. ஆணையைப் பொய்யால் வாங்கியவனுக்கு நேர்ந்தது யாது?

இவ்வினா பழங்கதை ஒன்றைப் பற்றியது மட்டும் அன்று. ஒருவன் வீட்டைச் சோதனையிடவோ, ஒருவனைச் சிறைப்படுத்தவோ நீதிபதியிடம் வாரண்டு பெறவேண்டும் என்னும் நெறி இன்று பல நாடுகளில் உள்ளது. அவ்வாரண்டைப் பெறப் போலீசார் பொய் சொன்னால் அவர்க்கு என்ன தண்டம் என்பது சட்ட அறிஞரிடையே இன்றும் முடிவுறாத ஆராய்ச்சி. சிலப்பதிகாரமோ இத்தகைய வழக்கு ஒன்றை அன்று, மூன்றை நம்முன் வைக்கின்றது. ஒன்று கொலைக்களக் காதையில் உள்ளது. ஏனைய இரண்டும் கட்டுரை காதையில் உள்ளன. இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்கின் காப்பியத்தின் நீதிக்கொள்கை வேறொரு வடிவில் புலப்படும். அதனை ஈண்டு ஆராய்வோம்.

2. கொல்லன் உரையின் அமைப்பு

கோவலனைக் காட்டிக்கொடுத்த பொற்கொல்லன் தெருவிற் செல்லும் எளியவன் அல்லன். பாண்டியன் பெயரோடு வரிசையும் பெற்றவன். நூற்றுவர் கொல்லர் பின்வர நடந்து வருபவன். அவன் சொல்லுக்கு அரண்மனையில் மதிப்பு உண்டு. அரசியின் சிலம்பைத் தான் கவர்ந்த செய்தி வெளிப்படுமுன் பழியை ஏற்றுதற்கு அயலான் ஒருவன் அவனுக்கு வேண்டியிருந்தது. ஆகவே அவன் கூறியது தவறுதலாகப் பிறந்த சொல் அன்று. அறிந்தே புனைந்த பொய்.

அப்பொய்யின் கட்டுக்கோப்பு கருதத்தக்கது. கன்னக்கோலோ வேறு கருவியோ இன்றி, மந்திரத்தையே துணையாகக் கொண்டு வாயிற்காவலரை உறக்கத்தில் ஆழ்த்திச் சிலம்பைக் கவர்ந்த கள்வன் தன் சிறுகுடிலில் இருக்கின்றான் என்பது அவன் அரசனுக்கு உரைத்தது. அரண்மனையிற் கன்னமிட்ட அடையாளம் இல்லையே என்று ஒருவர் வினவக்கூடும். மந்திரத்தாற் கவர்ந்தமையின் அடையாளம் இல்லை என்பதே விடையாகிவிடும். காவலர் எவரும் காணவில்லையே எனின், உறங்கினமையாற் காணவில்லை. சான்று இன்மையே சான்றாக மாற்றப்பட்டுள்ளது. உண்மை காணும் வாயில்களை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டு வருவது இப்பொய்.

கொலைக்களத்தில் ஊர்காப்பாளர் கோவலனைக் கண்டு, இவன் தோற்றம் கள்வன் தோற்றம் அன்று என்று தயங்கியபோதும் அவன் இம்முறையையே கையாளுகின்றான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டனைக் கள்வர்க்குத் துணையாக எடுத்தோதிக் காவலரின் ஐயத்தை நகையாடுகின்றான். கள்வன் போல் தோன்றாமையே கள்வனுக்கு இலக்கணம் என்று ஆகின்றது. காவலருள் ஒருவன் தான் முன்பு கண்ட கள்வன் ஒருவனின் கதையைச் சொல்லி அச்சத்தை மிகுவிக்கின்றான். இறுதியில், ஐயுற்றவனும் அல்லன், கதை சொன்னவனும் அல்லன்; களிமயக்கில் இருந்த கல்லாதவன் ஒருவனே வாளை ஓச்சுகின்றான். பொய் கூறியவன் கையில் வாள் இல்லை. வாள் ஏந்தியவன் அறிவில் பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. குற்றம் பலர் கைகளிற் பங்கிடப்பட்டு, எவர் கையிலும் முழுமையாக இல்லாதது போன்ற நிலை தோன்றுவதை இளங்கோவடிகள் நுண்ணிதிற் காட்டியுள்ளார்.

3. ஆணையில் உள்ள குறை

அரசன் இட்ட ஆணை ஒரு நிபந்தனையை உடையது. சிலம்பு அவன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று அதனைக் கொணர்க என்பதே அதன் பொருள். கொல்லும்பொருட்டுக் கொணர்க என்று கூறக் கருதியவன், ஊழ் முதிர்ந்தமையாற் சொல் திரிந்து கொன்று கொணர்க என்றான் எனப் பொருள் காண்பாரும் உளர். கொல்ல, கொன்று என்னும் இரு சொற்களின் இடையே ஓர் உயிர் ஊசலாடியது என்னும் அவ்விளக்கம் நயமுடையதே. ஆனால் அது நம் கண்ணை ஆணையின் பிற்பகுதியில் நிறுத்திவிடுகின்றது. குறை முற்பகுதியிலேயே தொடங்கிவிட்டது என்பது நம் துணிபு.

சிலம்பு கையில் இருக்குமாயின் என்பது சோதனை போலத் தோன்றும் சொல். உண்மையிற் சோதனை அன்று. கோவலன் கையில் சிலம்பு இருந்தது. அதனை விற்கவே அவன் மதுரைக்கு வந்தான். அது யாருடைய சிலம்பு என்பதே வழக்கு. கையில் இருத்தலைக் கண்டால் போதும் என்று ஆணை கூறியமையால், வழக்குக்குரிய வினா கேட்கப்படாமலே விடை பெற்றுவிட்டது. அரசியின் சிலம்பின் பரல் முத்து; கண்ணகியின் சிலம்பின் பரல் மாணிக்கம். இவ்வேறுபாட்டைக் காணச் சிலம்பை உடைத்தல் வேண்டும். அல்லது உடையவளை வினாவுதல் வேண்டும். இரண்டையும் ஆணை வேண்டவில்லை. ஊடல் கொண்ட தேவியைக் காணும் விரைவில் வாயிலில் நின்றவாறே பிறந்த ஆணை அது.

பொருள் கிடைத்தமையாற் பொய் மெய்யாகிவிடுமா என்னும் இவ்வினா இக்காலச் சட்டத்திலும் உயிருள்ளது. அமெரிக்க உச்சநீதிமன்றம் 1978இல் பிராங்க்ஸ் எதிர் டெலவேர் என்னும் வழக்கில் இதற்கு ஒரு விடை கண்டது. போலீசார் பிரமாண வாக்குமூலத்தில் அறிந்தே பொய் கூறினாலும், மெய்யா பொய்யா என்று கருதாத அசட்டையோடு கூறினாலும், அப்பகுதியை நீக்கிவிட்டு எஞ்சியதை நோக்கல் வேண்டும். எஞ்சியது வாரண்டு பெறப் போதாதாயின் வாரண்டு செல்லாது. அதனாற் கிடைத்த பொருளும் சான்றாகாது என்பது அத்தீர்ப்பு. இந்திய உச்சநீதிமன்றம் 1974இல் பூரண்மல் வழக்கில் வேறு நெறியை மேற்கொண்டது. சோதனை சட்டத்திற்குப் புறம்பானது என்னும் காரணத்தால் மட்டும் அதிற் கிடைத்த பொருள் சான்றாகும் தகுதியை இழப்பதில்லை என்பது அந்நெறி. முன்னதன்படி கையிலிருந்த சிலம்பு கொல்லன் பொய்யைத் தூய்மைப்படுத்தாது. பின்னதன்படி சிலம்பு சான்றாக நிற்கும். பொய்க்குரிய விடையை வேறிடத்திலே தேடல் வேண்டும்.

4. கட்டுரை காதையின் இரு வழக்குகள்

மதுரை எரிந்தபின் மதுராபதித் தெய்வம் கண்ணகி முன் தோன்றிக் கூறுவனவற்றை வினைக்கொள்கையின் விளக்கமாக மட்டும் கொள்வது வழக்கம். அத்தெய்வம் கூறும் கதைகளுள் இரண்டு, அரசனுடைய ஏவலாளர் குற்றமற்றவரைக் குற்றவாளியாக்கிய கதைகள் என்பதை நோக்குதல் வேண்டும். இவ்வொற்றுமை தற்செயலாக அமைந்தது என்று கொள்ள இயலவில்லை.

முதலாவது வார்த்திகன் வழக்கு. சேரனிடம் பரிசில் பெற்று மீண்ட பராசரன் என்னும் அந்தணன் திருத்தங்காலில் தங்கியபோது, மழலை மாறாத வாயால் மறை ஓதிய சிறுவன் ஒருவனுக்கு அணிகலன்களை நல்கிச் சென்றான். சிறுவனின் தந்தையே வார்த்திகன். அக்குடும்பத்திற்கு வந்த வளம் கண்டு பொறாத அரசனின் ஏவலாளர், புதையல் எடுத்து மறைத்தவன் என்று பழி சுமத்தி அவனைச் சிறையிலிட்டனர். அவன் மனைவி கார்த்திகை நிலத்தில் வீழ்ந்து அழுதாள். ஐயை கோயிற் கதவம் திறவாதாயிற்று. அதனைக் கேட்ட பாண்டியன் தன் ஆட்சியில் நேர்ந்த கோடல் யாதென வினவி, உண்மை உணர்ந்து, வார்த்திகனை விடுவித்து, அவன்முன் நிலத்தில் வீழ்ந்து பொறுத்தருள வேண்டினான், ஊர்களையும் வழங்கினான்.

இரண்டாவது சங்கமன் வழக்கு. கலிங்க நாட்டில் சிங்கபுரத்து வசுவும் கபிலபுரத்துக் குமரனும் பகைகொண்டிருந்த காலம். சங்கமன் என்னும் வாணிகன் தன் மனைவி நீலியுடன் மறைவாகச் சிங்கபுரத்திற்கு வந்து கடைவீதியில் அணிகலன் விற்றான். அரசனிடம் தொழில்புரிந்த பரதன் என்பவன் அவனை ஒற்றன் என்று பற்றி, மன்னனுக்குக் காட்டிக் கொல்வித்தான். நீலி பதினான்கு நாள் அரற்றித் திரிந்து, மலையேறி உயிர் நீத்தாள். எமக்கு இத்துயர் செய்தவர் இதனையே எய்துக என்று சபித்தாள். அப்பரதனே மறுபிறப்பிற் கோவலன்.

இக்கதையை ஆழ்ந்து நோக்குவார்க்கு ஒன்று விளங்கும். அணிகலன் விற்க மனைவியோடு வேற்றூர் புகுந்த வாணிகன், பொய்ச்சொல், ஆராயாத மன்னன், அரற்றும் மனைவி, பதினான்கு நாள் என யாவும் மதுரைக் கதையின் முன்வடிவம். கொல்லனின் இடத்தில் அங்கே நின்றவன் கோவலனே. காப்பியத்தின் அவலம் முழுவதற்கும் வித்து, அரசு அலுவலன் ஒருவன் தன் அரசனிடம் கூறிய பொய்ச்சொல் ஆகின்றது.

பரதன் அறிந்தே பொய் கூறினானா? விரதம் நீங்கியமையால் வெறுப்புடையனாய் இருந்தான் என்று மட்டுமே காப்பியம் கூறும். சங்கமன் பகைநாட்டிலிருந்து மறைந்து வந்தமையால் ஐயத்திற்கு ஓரளவு இடமும் இருந்தது. ஆகவே கொல்லனது பொய் அறிந்து புனைந்தது. பரதனது சொல் வெறுப்பினால் ஆராயாது துணிந்தது. திருத்தங்கால் ஏவலாளர் பழி பொறாமையிற் பிறந்தது. மேலே கூறிய அமெரிக்கத் தீர்ப்பு, அறிந்து சொன்ன பொய்யையும் அசட்டையாற் சொன்ன பொய்யையும் ஒருதரமாகக் கொள்வது போல, காப்பியமும் பரதனைக் கொல்லனிலும் இலேசாக விட்டுவிடவில்லை.

5. தண்டம் யார்மேல் வீழ்ந்தது

இனி மூன்று வழக்கிலும் தண்டம் சென்ற வழியைக் காண்போம். வார்த்திகன் வழக்கில் அரசன் பொறுப்பை ஏற்றான். ஏவலாளர் அறியாமையுடையவர் என்னும் அளவில் விடப்பட்டனர். அவர் தண்டிக்கப்பட்டதாகச் செய்தி இல்லை. சங்கமன் வழக்கில் வசுவுக்கு நேர்ந்தது கூறப்படவில்லை. தண்டம் பரதன்மேலேயே வீழ்ந்தது, ஆயினும் அடுத்த பிறப்பில். அப்பிறப்பிலோ அவன் தன் பழைய குற்றத்தை அறியான், கண்ணகியும் அறியாள். கோவலன் வழக்கில் அரசனும் அரசியும் மாய்ந்தனர், நகர் எரிந்தது. கொல்லன் ஒருவனுக்கு நேர்ந்தது தனித்து உரைக்கப்படவில்லை. மாறாக, கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரை ஒரு பகலிற் கண்ணகிக்குப் பலியிட்டான் என்று நீர்ப்படைக் காதை கூறுகின்றது. உரைபெறு கட்டுரையும் கூறுகின்றது. உரைபெறு கட்டுரை பிற்சேர்க்கையோ என்னும் ஐயம் சிலர்க்கு உண்டெனினும், காதையிலும் செய்தி இருத்தலால் அதனை ஒதுக்கிவிட இயலாது.

இவ்வாயிரவருள் பொய் கூறியவர் எத்தனையர்? ஒருவனேனும் இருந்தானா என்பதற்கும் காப்பியத்திற் சான்று இல்லை. இதனோடு கண்ணகியின் ஆணையை ஒப்பிடுக. சினத்தின் உச்சியில் நின்ற அவள், தீக்கடவுளிடம் அந்தணர், அறவோர், ஆனினம், கற்புடைய மகளிர், முதியோர், குழவிகள் ஆகியோரை விலக்கித் தீயவர்பாற் செல்க என்கின்றாள். கணவனை இழந்து கொதித்தவள் பகுத்து ஆணையிடுகின்றாள். அமைதி வேண்டிய மன்னன் பகுக்காமற் பலியிடுகின்றான். பலியின்பின் மழை பெய்து நாடு செழித்தது என்னும் மரபுரையைக் கொண்டு அச்செயலை நீதி எனத் துணிதல் பொருந்தாது. நெடுஞ்செழியன் ஒருவன் சொற்கேட்டு ஒருவனை ஆராயாது கொன்றான். வெற்றிவேற் செழியன் ஒருவன் குற்றத்திற்காக ஆயிரவரை ஆராயாது கொன்றான். பொய் கூறியவன்மேல் தனித்த விசாரணை நிகழாவிடின் தண்டம் இனத்தின்மேலும் ஊரின்மேலும் பரவும் என்பதே இவண் நாம் கொள்ளும் பொருள்.

வினைக்கொள்கையை வலியுறுத்த எழுந்த காப்பியத்திற் சட்டநெறியைத் தேடுதல் முறையோ எனின், காப்பியமே வழக்குரை காதை என்று பெயரிட்டு, வாதியையும் அரசனையும் சான்றுப்பொருளையும் அவையில் நிறுத்துகின்றது. ஊழ் நிகழ்ச்சிகளுக்குக் காரணம் கூறுமே அன்றி, அரசனுக்குரிய கடமையை நீக்காது. ஊழே முற்றும் காரணமாயின் பாண்டியன் தன்னையே கள்வன் என்று கூறிக்கொள்ள வேண்டியதில்லை.

6. இக்கால வழக்குகள் தரும் ஒளி

அட்லாண்டா நகரில் 2006 நவம்பரில், உளவாளி ஒருவர் போதைப்பொருள் வாங்கியதாகப் பொய்ப் பிரமாணம் செய்து பெற்ற வாரண்டுடன் போலீசார் ஒரு வீட்டின் கதவை உடைத்துப் புகுந்தனர். 92 வயது மூதாட்டி சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னர் அவர் வீட்டிற் கஞ்சாவை வைத்ததும், உளவாளியைப் பொய் கூறத் தூண்டியதும் வெளிப்பட்டன. போலீசார் மூவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2009இல் 5, 6, 10 ஆண்டுச் சிறைத்தண்டம் பெற்றனர். ஹூஸ்டன் நகரில் 2019 ஜனவரியில் இவ்வாறே கூறப்பட்ட பொய்யால் கணவனும் மனைவியும் தம் வீட்டிலேயே மாண்டனர். பிரமாணம் செய்த போலீசு அலுவலர் 2024இல் கொலைக்குற்றம் உறுதிப்பட்டு 60 ஆண்டுத் தண்டம் பெற்றார்; அவ்வீட்டார்மேல் முதலிற் பொய்த்தகவல் கூறிய அயலாரும் தனியே தண்டிக்கப்பட்டார்.

பெயர் கூறப்படாத உளவாளி என்பது கொல்லன் கூறிய மந்திரம் போன்றது. அவனை நீதிபதி வினவ இயலாது; அவன் இல்லை என்பதைப் பிறர் காட்டவும் இயலாது. பொய்யின் உத்தி இரண்டாயிரம் ஆண்டு அளவில் மாறவில்லை.

பொறுப்பின் பங்கீடோ மாறியுள்ளது. வாரண்டு வழங்கும் அமெரிக்க நீதிபதிமேல் அச்செயலுக்காக இழப்பீட்டு வழக்குத் தொடுத்தல் இயலாது. 1967இல் வந்த பியர்சன் எதிர் ரே தீர்ப்பு அக்காப்பை உறுதி செய்தது. வாரண்டு வேண்டிய போலீசார்க்கு அத்தகைய முழுக்காப்பு இல்லை என்று 1986இல் மாலி எதிர் பிரிக்ஸ் தீர்ப்பு கூறிற்று. சிலப்பதிகாரத்திலோ ஆணையிட்டவன் உயிரையே கொடுக்கின்றான். ஆணையை வாங்கியவன் கதையிலிருந்து மறைகின்றான். இரண்டு நெறியும் ஒன்றற்கொன்று எதிர்முகமானவை.

இந்தியாவில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 58ஆம் பிரிவு கருதத்தக்கது. தக்க ஐயமின்றிச் சோதனையிடும் அலுவலர்க்கு ஆறு திங்கள் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். வஞ்சகமாகப் பொய்த்தகவல் தந்து சோதனைக்கோ கைதுக்கோ காரணமானவர்க்கு இரண்டு ஆண்டு வரை சிறை விதிக்கலாம். கொல்லனையும் ஊர்காப்பாளரையும் வேறு வேறாக நிறுத்தி அளக்க முயலும் பிரிவு இது. அளவு போதுமா என்பது வேறு வினா. வேறுபடுத்தும் முயற்சி உளது என்பதே நமக்கு வேண்டுவது.

இன்னொன்றும் உண்டு. பிராங்க்ஸ் தீர்ப்பின்படி, பொய் கூறப்பட்டது என்பதற்கு முதற்சான்றைக் காட்டவேண்டிய சுமை பாதிக்கப்பட்டவர்மேல் உள்ளது. இறந்தவர் அச்சுமையைத் தாங்குவது எங்ஙனம்? மதுரையில் அதனைத் தாங்கியவள் கண்ணகி. சிலம்பின் பரல் யாது என்னும் வினாவை அரசவையில் எழுப்பியவளும், உடைத்துக் காட்டியவளும் அவளே. காப்பியம் முழுவதிலும் கோவலன் வழக்கில் நிகழ்ந்த ஒரே புலனாய்வு, கணவனை இழந்த அயலூர்ப் பெண் செய்த புலனாய்வு ஆகும்.

7. முடிவு

மூன்று வழக்குகளுள் உயிர்ச்சேதமின்றி முடிந்தது வார்த்திகன் வழக்கு ஒன்றே. அதற்குக் காரணம் அரசன் பெருந்தன்மை மட்டும் அன்று; ஆணை நிறைவேறி முடியுமுன் வினா எழுந்தது என்பதே. சிறையிலிருப்பவனை விடுவிக்கலாம், கொல்லப்பட்டவனை மீட்டல் இயலாது. அப்பாண்டியன் மேலும் ஒன்று செய்தான். புதையல் கிடைத்தவர்க்கே உரியது என்று முரசறைவித்தான். ஏவலாளர் எப்பழியைச் சொல்லி வார்த்திகனைப் பற்றினரோ, அப்பழிக்கே இனி இடமில்லாது செய்தான். லூயிவில் நகரில் 2020 மார்ச்சில் இளம்பெண் ஒருவர் தம் வீட்டில் போலீசாராற் கொல்லப்பட்டபின், முன்னறிவிப்பின்றிக் கதவுடைத்துப் புகும் வாரண்டை அந்நகரவை அவ்வாண்டு ஜூனிலேயே தடைசெய்ததும் இத்தகைய செயலே. எனினும் சட்டத்தைத் திருத்திய பாண்டியன் பொய்ப்பழி சுமத்திய ஏவலாளரை வினவாது விட்டான். அவ்வரசமரபிற் பின்வந்தவன் வாயிலில் மற்றொரு பொய்ச்சொல் வந்து நின்றபோது, அதனை வினவும் முறை ஒன்றும் அங்கே இருக்கவில்லை.

ஆகவே நாம் கொள்ளும் முடிவு இது. இளங்கோவடிகள் ஆணையிடுவோன் பொறுப்பை எவரினும் உயர்த்திப் பாடினார். அது காப்பியத்தின் பெருமை. பொய்யுரைத்தோன் பொறுப்பை ஊழிடமும் பலியிடமும் சென்று சேரவிட்டார்; அவ்விரண்டும் குற்றத்திற்குத் தக்க தண்டமாக அமையாமையை அவர் சொற்களே காட்டுகின்றன. வழக்குரை காதையை அறத்தின் வெற்றி என்று கற்பிக்கும் நாம், கட்டுரை காதையையும் நீர்ப்படைக் காதையையும் உடன்வைத்து, அவ்வெற்றியின் குறைவையும் மாணவர்க்குக் காட்டுதல் கடன். அரசன் தன்னைக் கள்வன் என்றான்; கள்வனை ஒருவரும் அவையில் நிறுத்தி வினவவில்லை.